அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவு: நம்பிப் போகலாமா?

கூச்சப்பட்டு மெடிக்கலில் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். காசு கிடையாது. ஓ.பி. சீட்டு போடும்போது "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். வரிசையில் நின்று விளக்க வேண்டாம்.

மருந்து வண்ணப் பொட்டலமாக வரும். ஆண்குறியில் சீழ் வடிந்தால் சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. பெண்களின் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து மாறும்.

பலர் கோட்டைவிடுவது உடலுறவுத் துணைக்கான மருந்தில்தான். ஒருவர் மட்டும் விழுங்கினால் சீழ் திரும்பவும் வரும், பழி மாத்திரைமேல் விழும். எச்.ஐ.வி. சோதனை 'நம்பிக்கை மையம்' என்ற ஆலோசனை, பரிசோதனை மையத்தில். குறையென்றால், எல்லா ஊரிலும் பரிசோதனைக்குச் சரியான மறைப்பு இருப்பதில்லை. திரையை இழுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.