நிறுத்தி வைக்கும் காருக்கான சாமான்கள்: சேலத்தில் சரி, ஏற்காட்டில் தப்பு

கார் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஷெட்டில் நிற்கப் போகிறது என்று சொன்னால், உதிரிபாகக் கடைகளில் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒரே கட்டுதான்: வெள்ளி நிறக் கவர், பேட்டரி சார்ஜர், பெட்ரோலில் ஊற்றும் பாட்டில், ஈரம் உறிஞ்சும் டப்பா, எலி விரட்டும் ஸ்பிரே. அஸ்தம்பட்டி வீட்டு போர்டிகோவில் நிற்கும் காருக்கும் அதேதான், ஏற்காட்டில் காபித் தோட்டத்து பங்களா ஷெட்டில் நிற்கும் காருக்கும் அதேதான். நடுவே இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் கீழே வண்டியைக் கெடுப்பது வெயிலும் தூசியும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மேலே கெடுப்பது ஈரம். அதனால் இந்த ஐந்து சாமானையும் ஊர் பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

பணம் அதிகம் வீணாவது கவரில். பூச்சு போட்ட பாலியஸ்டர் கவருக்குள் தண்ணீர் இறங்காது. உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறாது. சேலத்தில் திறந்த போர்டிகோவில் வெயில் படும் காருக்கு அது சரியான சாமான்தான், உள்பக்கம் மெத்தென்ற துணி ஒட்டியிருந்தால். பூச்சு மட்டும் இருந்து உள்துணி இல்லாத ரகம் காற்றில் படபடக்கும்போது, அடியில் சிக்கிய தூசியோடு சேர்ந்து பெயிண்டைத் தேய்க்கும். கருப்பூர் பக்கம் மேக்னசைட் சுரங்கங்களிலிருந்து படியும் வெள்ளைத் தூசி உள்ள வீடுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அங்கே காரை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். கயிறோ பெல்ட்டோ கொண்டு அடிப்பக்கம் இழுத்துக் கட்டும் வசதி இல்லாத கவரை விட்டுவிடுங்கள்.

இதே கவரை ஏற்காட்டில் போட்டால் கதை வேறு. மழைக்கால மாதங்களில் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிடும். இரவில் தகடு குளிர்ந்ததும் கவருக்கு அடியில் நீர் பூக்கும். பகலில் அது காய வழியே இல்லை. சில வாரம் இப்படி நின்றால் பெயிண்டில் வெளுத்த திட்டுகள், கதவு ரப்பரில் பூஞ்சணம், கதவின் கீழ் விளிம்பில் துரு என்று வரிசையாக வரும். ஷெட்டுக்குள் நிற்கும் காருக்கு மழைத் தண்ணீரைத் தடுக்கும் கவரே தேவையில்லை. கடையில் கவரை ஒற்றை மடிப்பாக வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வந்தால் மட்டும் மலைக்கு எடுத்துப் போகலாம்.

அதைவிட நல்லது கோரா பருத்தித் துணி. நெசவு ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. 3.85 மீட்டர் நீளமுள்ள சாதாரண ஹேட்ச்பேக்குக்கு 1.2 மீட்டர் அகலத் துணியில் ஆறு மீட்டர் பட்டைகள் நான்கு, மொத்தம் 24 மீட்டர்; சுருங்குவதற்கு இன்னும் 2 மீட்டர் சேர்த்து வாங்க வேண்டும். தைக்கும் முன் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுவது முக்கியம். கஞ்சி இருந்தால் பூஞ்சணமும் பூச்சியும் முதலில் அங்கேதான் வரும். பக்கவாட்டுக் கண்ணாடியைச் சுற்றி நாடா வைத்துத் தைத்தால் துணி நழுவாது. கடைக் கவரில் எதுவும் ஏற்காட்டு ஷெட்டில் இதற்கு ஈடாகாது என்பதே எங்கள் தீர்ப்பு.

அடுத்தது பேட்டரி சார்ஜர். சின்னக் கார்களில் வரும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை வைத்துக் கணக்குப் பாருங்கள். பூட்டி நிற்கும் காரில் அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் சேர்ந்து 30 மில்லியாம்பியர் இழுத்தால் நாளுக்கு 0.72 ஆம்பியர்-ஹவர் போகும். மூன்றரை வாரத்தில் பாதி காலி. முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

சேலத்து வீட்டில் ஆள் இருந்தால், சி-டெக் எம்எக்ஸ்எஸ் 5.0 போல 5 ஆம்பியர் வரை தந்து, ஏறி முடிந்ததும் தானே பராமரிப்பு நிலைக்கு மாறிக்கொள்ளும் சார்ஜர் காசுக்குத் தகுந்த சாமான். மலிவான பழைய ரக டிரான்ஸ்பார்மர் சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது. அது நிறுத்தாமல் ஏற்றி அமிலத்தைக் கொதிக்க வைத்துவிடும். வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சார்ஜரை பேட்டரியில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். தானே வேலையைத் தொடர்ந்தால் வாங்கலாம். சில ரகங்கள் கரண்ட் போய் வந்ததும் பட்டனை அழுத்தும்வரை சும்மா கிடக்கும். நம் ஊர் மின்வெட்டுக்கு அவை உதவாது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால் சேலத்து வெயிலில் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் விடவும்.

ஏற்காட்டில் யாரும் இல்லாத பங்களாவில் சார்ஜரை மாட்டி வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் இருக்கும் இடத்தில், பார்க்க ஆளில்லாமல் மின்சாதனம் ஓட வேண்டாம். 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றி, பேட்டரியையே கீழே கொண்டு வந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மின் பட்டனில் மட்டும் திறக்கும் டிக்கியானால், கழற்றுமுன் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வெளியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஈரம் உறிஞ்சும் டப்பா விஷயத்தில் தயங்காமல் சொல்லலாம்: வெள்ளைக் குருணை போட்ட ரகத்தைக் காருக்குள் வைக்காதீர்கள். அது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து உப்பு நீராகச் சேர்த்து வைக்கும். மேலே ஏற்காட்டில் டப்பா சீக்கிரம் நிரம்பிவிடும். எலியோ ஆளோ தட்டிக் கவிழ்த்தால் அந்த நீர் கார்ப்பெட்டுக்கு அடியில் போய் சீட் தண்டவாளத்தையும் ஒயர் கனெக்டரையும் அரிக்கும். துணி பீரோவுக்கு அது நல்ல சாமான், காருக்கு அல்ல. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கிலோவை நான்கு துணிப் பைகளில் கட்டி, கால் வைக்கும் இடங்களில் வையுங்கள். நிறம் மாறியதும் சமையல் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உலர்ந்துவிடும். கண்ணாடி முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒரு விரல் திறந்து வைத்தால் ஏற்காட்டு மூடுபனி முழுவதையும் அந்தப் பை உறிஞ்சப் பார்க்கும். சேலத்தில் இந்தச் செலவே வேண்டாம். அதற்குப் பதில் முன்கண்ணாடிக்கு ஒரு சன்ஷேடு போதும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான வேலை: நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன் ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். கூலிங் காயில் காய்ந்துவிடும்; திரும்ப எடுக்கும் நாளில் புழுக்க வாடை அடிக்காது. கடைசியாக ரீசர்குலேஷனில் வைத்து அணைத்தால் வெளிக்காற்று வரும் பாதையும் மூடிக்கொள்ளும்.

பெட்ரோல் பாட்டில்கள், அதாவது ஸ்டெபிலைசர், பெட்ரோல் பிசினாவதைத் தாமதப்படுத்தும். அவ்வளவுதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை எந்தப் பாட்டிலும் மாயமாக்காது. டேங்க்கில் காற்றுக்கு இடம் இல்லாமல் செய்வதுதான் வழி. முதல் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் திணிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பாட்டில் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் வாங்கலாம். லேபிளில் உள்ள அளவை முதலில் டேங்க்கில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் போட வேண்டும். ஏற்காட்டுக்குப் போகும் வண்டிக்கு அடிவாரம் வருமுன்னே இதைச் செய்துவிட்டால், மலை ஏற்றத்திலேயே மருந்து கலந்து இன்ஜெக்டர் வரை போய்விடும். டீசல் வண்டிக்கு டீசலுக்கான மருந்துதான். கூடவே ஃபில்டரில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடவும். இஞ்சின் ஆயிலையும் நிறுத்துமுன் மாற்றுங்கள், எடுத்த பிறகு அல்ல. பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் பேரிங்கில் மாதக்கணக்கில் ஊறக் கூடாது.

எலி ஸ்பிரே சில வாரத்தில் வாசம் போய்விடும். நம்பி விட்டுப் போக முடியாது. அந்துருண்டை வாடை சீட்டில் ஏறினால் இறங்காது. விஷம் வைத்தால் எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்து நாறும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் உறிஞ்சு குழாயிலும் அடைத்து, ஷெட்டில் இரண்டு எலிப்பொறி வைப்பதே பலன் தரும். நார் துருப்பிடிக்காத ரகமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். அதிகம் ஒட்டாததாக எடுப்பது நல்லது.

ஹேண்ட் பிரேக் போடவே கூடாது. ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். டயரில் 33 பிஎஸ்ஐ போடும் வண்டிக்கு 40 வைக்கலாம், டயர் சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல். மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து கேஜ் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். குளிர் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே மறுநாள் காலை, ஷெட்டிலேயே அளந்து வைப்பதுதான் சரி. ஆறு மாதம் வரை ஜாக் ஸ்டாண்டு வாங்கும் செலவு தேவையில்லை. அதற்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது ஆபத்து. அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் சாவி கொடுப்பது பரவலான பழக்கம். ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம் அதற்குள் திரும்ப ஏறாது. சைலன்சரில் தண்ணீர் தேங்கும், ஆயிலில் ஈரம் சேரும். அரைமணி நேரம் ரோட்டில் ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டட்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

இன்சூரன்ஸ் தேதியையும் பாருங்கள். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். தீ, திருட்டு எல்லாம் நிற்கும் காருக்கும் நடக்கும்.

ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டுங்கள்: சைலன்சரில் நார், ஏர் ஃபில்டரில் நார், பேட்டரி இல்லை, ஹேண்ட் பிரேக் இல்லை, டயரில் 40. வண்டியை எடுக்கப் போவது தம்பியோ டிரைவரோ, யாராக இருந்தாலும் சாவி போடுமுன் அதை வரிசையாகப் பார்த்து முடிக்கட்டும். டிஸ்க்கில் படிந்த துரு உரசும் சத்தம் முதல் சில கிலோமீட்டருக்கு இருக்கும். அது போகும்வரை வேகம் வேண்டாம். மலையிலிருந்து இறங்குவதானால் பங்களாவைச் சுற்றியுள்ள சமதளத்திலேயே பத்துப் பதினைந்து முறை பிரேக் அடித்துப் பார்த்த பிறகே முதல் வளைவுக்கு வண்டியை விட வேண்டும்.