கோபுர விளக்கு: அணையாமல் எரிவதா, விட்டுவிட்டு எரிவதா?

மிச்சிகனில் எங்கள் சிறிய வானொலி நிலையத்துக்கு 400 அடி தாண்டிய கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் எச்சரிக்கை விளக்குகளுக்கு மூன்று வழிகள் இருந்தன: உச்சியில் விட்டுவிட்டு எரியும் சிவப்பும் இடையில் அணையாத சிவப்புப் பக்க விளக்குகளும் சேர்ந்த பழைய முறை, விட்டுவிட்டு எரியும் சிவப்பு மட்டும், பளிச்பளிச்சென்று மின்னும் வெள்ளை ஸ்ட்ரோப். நாங்கள் எடுத்தது இரண்டாவது.

ஸ்ட்ரோப்பால் பறவைகளுக்குக் கெடுதல் குறைவு. பகலிலும் மின்னுவதால், கோபுரம் கண்ணில் பட அடிக்கும் ஆரஞ்சு, வெள்ளை பெயின்ட் செலவும் மிச்சம். ஆனால் ராத்திரி அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டாமா?

அணையாத சிவப்புதான் பறவைகளுக்கு எமன். வலசை போகும் சிறு பறவைகள் இரவில் பறக்கின்றன. மேகம் தாழ்ந்த நாளில் அந்த வெளிச்சத்துக்குள் வந்துவிட்டால் வெளியேறத் தெரியாமல் அங்கேயே சுற்றி, கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் அடிபடுகின்றன. ஒரு செப்டம்பர் காலையில் கம்பிக்கடியில் கிடந்த ஓவன்பேர்ட் என்ற சிறு வலசைப் பறவையைக் கையில் எடுத்தேன். உச்சந்தலையில் ஆரஞ்சுக் கோடு, உடம்பில் காயமே இல்லை, கழுத்து மட்டும் துவண்டிருந்தது. இதே மாநிலத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வின்படி, அணையாத விளக்கை விலக்கினால் சாவு 50 முதல் 71 விழுக்காடு குறைகிறது.

விமானிகளுக்கு? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. விமானத்தில் பறந்தே சோதித்துவிட்டு, 2015இல் 350 அடிக்கு மேற்பட்ட கோபுரங்களில் அணையாத பக்க விளக்குகளை நீக்கியது. நான் விமானம் ஓட்டியவன் இல்லை, அந்தச் சோதனையைத்தான் நம்புகிறேன்.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கோபுரத்தில் ஏற ஆள் கூப்பிடுவதுதான் பெரிய செலவு, ஆபத்தும் அதில்தான். பக்க விளக்கையே நிறுத்திவிட்டால் மாற்ற வேண்டிய பல்பும் குறைவு, ஏற வேண்டிய தடவையும் குறைவு. மாற்றத்துக்கும் யாரும் ஏறவில்லை, கீழே கொட்டகையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே அந்தச் சுற்றை நிறுத்தியாயிற்று. எஃப்.ஏ.ஏ. ஒப்புதலும், அப்புறம் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் கோபுரப் பதிவில் திருத்தமும் முதலில் வாங்க வேண்டும். உச்சி விளக்கோ விட்டுவிட்டு எரியும் விளக்கோ கெட்டு 30 நிமிடத்தில் சரியாகாவிட்டால் உடனே எஃப்.ஏ.ஏ.வுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், விமானிகளுக்கு நோட்டாம் என்ற எச்சரிக்கை அறிவிப்பு போகும். இடையிலிருந்த அணையாத விளக்கு கெட்டால் இந்தக் கட்டாயம் முன்பும் இருந்ததில்லை. அதற்கு இவ்வளவு காலம் பல்பு மாற்றிக்கொண்டிருந்தோம்!

உங்கள் கோபுரம் 151 முதல் 350 அடிக்குள் என்றால் பக்க விளக்கை அணைக்க முடியாது, உச்சி விளக்கோடு சேர்ந்து விட்டுவிட்டு எரிய வைக்க வேண்டும். புதிதாக எல்.ஈ.டி. வாங்கினால் அகச்சிவப்பும் உமிழ்வதாகப் பார்த்து வாங்குங்கள். இரவுக்காட்சிக் கண்ணாடி அணிந்த ஹெலிகாப்டர் விமானியின் கண்ணுக்குச் சில சிவப்பு எல்.ஈ.டி.கள் தெரிவதே இல்லை.