கலோரிக் கணக்கு: செயலியா, பொட்டலமா, தராசா?

சாப்பிட்டதை நாள்தோறும் குறித்து வைப்பவர்கள் கலோரி எண்ணைப் பெரும்பாலும் கைப்பேசிச் செயலியிலிருந்தோ, பொட்டலத்தில் அச்சிட்ட அட்டவணையிலிருந்தோ, தராசில் நிறுத்து உணவுச் சத்துப் பட்டியலைப் பார்த்தோ எடுக்கிறார்கள்.

இவற்றுள் எளியது செயலி. அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. பல செயலிகளில் பயனர்களே பதிவுகளைச் சேர்ப்பதால், எடையே குறிப்பிடாத 'ஒரு தோசை' அங்கே கிடைக்கும். அது நெய் ரோஸ்டா, வீட்டுக் கல்தோசையா என்பது பதிந்தவருக்கே வெளிச்சம். இதற்கு எளிய சோதனை உண்டு: புரதத்தையும் மாவுச்சத்தையும் 4 ஆலும், கொழுப்பை 9 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். மாவுச்சத்து 30 கிராம், புரதம் 4, கொழுப்பு 5 என்றால் 181 கலோரி வரும். அங்கே 95 என்றிருந்தால் அந்தப் பதிவை விட்டுவிடலாம். கூட்டல் சரியாக வந்தாலும், அது நம் தட்டிலுள்ள தோசையின் கணக்கு என்று ஆகிவிடாது.

பொட்டல எண் இதைவிட நம்பகமானது. ஆனாலும் அமெரிக்க விதிமுறை கலோரியில் 20 சதவீதம் வரை கூடுதலைப் பொறுத்துக்கொள்கிறது. பாதாம் போன்றவற்றில் கணக்கிடும் முறையே சறுக்குகிறது: 28 கிராம் பாதாமுக்கு வழக்கமான கணக்கு 170ஐ ஒட்டி வர, உடலுக்குச் சேர்வது 129 என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல் கண்டார்கள். மெல்லும்போது உடையாத செல்களில் உள்ள கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

வீட்டுச் சமையலுக்கு என் தேர்வு தராசுதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டுப் பட்டியல் 100 கிராம் பச்சை அரிசிக்கு, அதாவது வேகவைக்காத அரிசிக்கு, 1491 கிலோ ஜூல் தருகிறது, 4.184ஆல் வகுத்தால் 356 கலோரி. வெந்தபின் நீரை உறிஞ்சிய சாதம் 100 கிராமுக்கு 130 அளவில்தான் நிற்கும் என்பதால், சாதத்தை நிறுத்து அரிசியின் எண்ணைப் போடுபவர் கணக்கை ஏறத்தாழ மூன்று மடங்காக்கிவிடுகிறார். 200 கிராம் அரிசி குக்கரில் 560 கிராம் சாதமானால், தட்டில் வைத்த 180 கிராமுக்கு 229 கலோரி. வடித்த சாதத்தில் கஞ்சியோடு சிறிது மாவுச்சத்து போய்விடுவதால் இந்தக் கணக்கு அங்கே சற்று மிகையாகும்.

எண்ணெயைக் கரண்டியால் மதிப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். தாளிக்குமுன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் எண்ணெய்ப் பாட்டிலையே தராசில் வைத்துவிடுகிறேன். 10 கிராம் குறைந்திருந்தால், சுமார் 90 கலோரி சட்டிக்குள் போயிருக்கிறது.