கேஸ் அனலைசரில் ஃபில்டர் மாற்றுதல்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி இயங்கும் சிமெண்ட் ஆலைகளில் ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். சூளைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் மாவைச் சூடாக்கும் ப்ரீஹீட்டரிலிருந்து வெளியேறும் புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் அகச்சிவப்பு அனலைசர் இரண்டு, ஒன்பது ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் அளவு எல்லை மீறினால் புகையிலுள்ள தூசியை மின்னழுத்தத்தால் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். உள்ளே தீப்பொறி பறக்கும் இடத்தில் எரியக்கூடிய வாயு சேர்ந்துவிடக் கூடாது என்பதே காரணம். ஆகவே அந்த அனலைசர் பொய் சொன்னால் அது எங்கள் பிரிவோடு முடிகிற விஷயமன்று. இந்த ஒன்பது ஆண்டுகளில் இரு கருவிகளிலும் சேர்த்து நான்கு முறைதான் ஒளி ஃபில்டரை, அதாவது கார்பன் மோனாக்சைடு உறிஞ்சும் அலைநீளத்து ஒளியை மட்டும் விடும் சிறு வில்லையை, மாற்றியிருக்கிறேன். அவற்றில் ஒன்று தேவையே இல்லாமல் மாற்றியது, இன்னொன்று தவறாக மாற்றியது.

தேவையில்லாமல் மாற்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சித்திரை மாதத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஃபில்டர் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து புதியதைப் பொருத்தினோம். இரண்டு நாள் கழித்துப் பழைய கதையே திரும்பியது. உண்மையில் கெட்டுப்போயிருந்தது, புகையை அனலைசருக்குள் விடுமுன் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் கேஸ் கூலர். 5 டிகிரியில் இருக்க வேண்டிய கூலர், அனலைசர் அறையின் ஏ.சி. திணறிய வெயிலில் 15 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. 5 டிகிரியில் குளிர்ந்து வரும் வாயுவில் நீராவி ஏறத்தாழ 0.86 சதவீதம் இருக்கும். 15 டிகிரியில் அது 1.7 சதவீதமாக, அதாவது இரு மடங்காக ஆகிவிடும். நீராவியும் கார்பன் மோனாக்சைடு உறிஞ்சும் அலைநீளத்தில் கொஞ்சம் ஒளியை உறிஞ்சுவதால், கருவி அதையும் கார்பன் மோனாக்சைடு என்றே கணக்கில் எழுதியது. அன்றிலிருந்து கூலரின் வெப்பநிலையைப் பார்க்காமல் அனலைசர் பெட்டியின் திருகில் யாரையும் கைவைக்க விடுவதில்லை.

உண்மையிலேயே ஃபில்டர் கெட்டதை 2023 டிசம்பரில் கண்டேன். அம்மாதம் 17, 18 தேதிகளில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை இங்குள்ளவர்கள் மறக்கப் போவதில்லை. சில நாள் மின்சாரம் இல்லை. இயங்கும்போது கருவியின் உட்பெட்டி சுமார் 55 டிகிரி வெப்பத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் போனதும் அது குளிர்ந்து, செல்லுக்குள், அதாவது புகையை நிரப்பி ஒளி பாய்ச்சும் அறைக்குள், மிச்சமிருந்த புகையிலிருந்த ஈரம் அப்படியே படிந்துவிட்டது. அந்த ஈரம் வெறும் தண்ணீரன்று, கந்தக டையாக்சைடு கரைந்த அமிலம். திறந்து பார்த்தபோது ஃபில்டரின் ஓரத்தில் பிறை வடிவில் பூச்சு உரிந்திருந்தது. வெவ்வேறு பொருள்களை மாற்றி மாற்றி மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்தே இந்த ஃபில்டர்களைச் செய்கிறார்கள். ஓரத்தில் ஈரம் நுழைந்தால் அடுக்குகள் விட்டுப்போகும். துடைத்துச் சரிசெய்ய வழியில்லை.

எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த தம்பி அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது முழுசாக் கறுத்துப்போச்சு, அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல்லியே" என்றான். "தெரியாதுல, ஜெர்மேனியம்லா அது" என்றேன். நல்ல ஃபில்டரும் நம் கண்ணுக்கு இருட்டாகத்தான் இருக்கும். ஜெர்மேனியம் நாம் காணும் ஒளியை விடுவதில்லை, அகச்சிவப்பை மட்டுமே விடும். கண்ணால் பார்த்து ஓரத்து உரிவையும் கீறலையும் சொல்லலாமே தவிர, வேலை செய்கிறதா என்பதைச் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்தத் தவறான மாற்றம் நடந்தது. கருவி செய்தவர்களிடமிருந்து அசல் ஃபில்டர் வர வாரக்கணக்கில் ஆகும் என்றதால், வெளியிலிருந்து ஒரு மாற்று ஃபில்டரை வாங்கினோம். விலை அசலில் மூன்றில் ஒரு பங்கு. அளவு பொருந்தியது, உறையின் மேல் 4.65 மைக்ரான் என்று எழுதியிருந்தது. பொருத்திய பின் நைட்ரஜன் விட்டு ஜீரோ (கருவி சுழியம் காட்டுகிறதா என்று) பார்த்தோம், கார்பன் மோனாக்சைடு சிலிண்டரைத் திறந்து ஸ்பான் (தெரிந்த அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்று) பார்த்தோம். இரண்டும் கச்சிதமாக நின்றன. பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று.

மறுநாள் முதல் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரே புகார். கார்பன் மோனாக்சைடு எந்நேரமும் 0.1 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது; அதைக் குறைக்க அவர்கள் ஃபேன் வேகத்தை ஏற்றுகிறார்கள், நிலக்கரிச் செலவு கூடுகிறது, அளவு மட்டும் இறங்கவில்லை. அதே புகையில் ஆக்சிஜன் 4 சதவீதத்துக்கு மேல் காட்டியது. காற்று இவ்வளவு மிச்சமிருக்கையில் எரியாத வாயு இப்படி அசையாமல் நிற்பது இயல்பன்று. ஐயம் தீர்ந்தது ஒரு தற்செயலால்: சூளைக்குள் போகும் மாவு அரை மணி நேரம் நின்றபோது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தும் கார்பன் மோனாக்சைடு சரிந்தது. மாவு நின்றால் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயு நின்றுவிடும். கருவி எதைக் கார்பன் மோனாக்சைடு என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போது விளங்கியது.

கார்பன் மோனாக்சைடு ஒளியை உறிஞ்சும் பட்டையின் நடு 4.67 மைக்ரானில் இருக்கிறது. கரியமில வாயுவின் வலுவான பட்டை 4.26 மைக்ரானில். இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். எங்கள் புகையில் கரியமில வாயு கால் பங்குக்கு மேல் இருப்பதால், ஃபில்டரின் பட்டை, அதாவது அது உள்ளே விடும் அலைநீளங்களின் எல்லை, கொஞ்சம் அகலமாக இருந்தாலும் அதன் ஓரம் உள்ளே வந்துவிடும். நாங்கள் வாங்கிய ஃபில்டரின் நடு அலைநீளம் சரியாகவே இருந்திருக்கலாம், அகலம்தான் சரியில்லை. ஜீரோவுக்கு விட்ட நைட்ரஜனிலும் ஸ்பானுக்கு விட்ட கலவையிலும் கரியமில வாயுவே இல்லை என்பதால், அந்த இரண்டு சோதனையும் இந்தக் குறையைக் காட்டவே வழியில்லை. இதை அன்றைக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எந்த ஃபில்டரைப் பொருத்தினாலும், அசலே ஆனாலும், நைட்ரஜனில் 20 சதவீதக் கரியமில வாயு கலந்த சிலிண்டரைத் திறந்து, கார்பன் மோனாக்சைடு என்ன காட்டுகிறது என்று பார்க்கிறேன். பிறகு நைட்ரஜனைத் தண்ணீருக்குள் குமிழியிடச் செய்து, கூலர் வழியே அனுப்பி, ஈர நைட்ரஜனுக்கு என்ன காட்டுகிறது என்றும் பார்க்கிறேன். உட்பெட்டி முழுவதும் சூடேறிய பிறகே இவற்றைச் செய்ய வேண்டும். ஃபில்டர் சூடேறினால் அதன் பட்டை நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரும். நான் மாலையில் பெட்டியை மூடிவிட்டு, காலையில்தான் சிலிண்டரைத் திறப்பேன்.

பொருத்துவதில் ஒரே ஒரு இடத்தில்தான் பிழை நேரும் என்பது என் அனுபவம். ஃபில்டர் அமரும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் கீழே ஒரு துகள் சிக்கினாலும் ஃபில்டர் சரியாக அமராது. சாய்வினால் பட்டை குட்டை அலைநீளத்துக்கு, அதாவது கரியமில வாயுவின் பக்கம், நகரும் என்று பாடத்தில் சொல்வார்கள். சிறு சாய்வில் அது மிகச் சொற்பம். ஓரத்து இடைவெளி வழியே வடிகட்டப்படாத ஒளி, ஒளியை அளக்கும் டிடெக்டருக்குக் கசிவதே பெரிய கேடு. மற்றபடி, விரல் படக் கூடாது என்பது வெறும் சம்பிரதாயமன்று: தோலின் எண்ணெய் 3.4 மைக்ரானை ஒட்டி ஒளியை உறிஞ்சும், மீத்தேன் அளக்கும் கருவியில் அது நேராகவே கணக்கில் ஏறும். ஆலையின் காற்றுக் குழாயால் தூசி ஊதுவதையும் தடுத்திருக்கிறேன். கம்ப்ரசர் எண்ணெய் அதில் கலந்தே வருகிறது.

மாற்று ஃபில்டரை மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். கரியமில வாயு குறைவாக இருக்கும் இடத்தில் அதே துண்டு ஒழுங்காக உழைத்திருக்கும். விற்றவர் பட்டையின் அகலத்தைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்று ஒளி ஊடுருவும் வரைபடம் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. உதிரியாக இரண்டு அசல் ஃபில்டர்களை சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்திருக்கிறோம். மின்சாரம் போனால் செல்லுக்குள் நைட்ரஜனை விட்டுவிட்டுத்தான் அறையைப் பூட்டுகிறோம்.

இப்போது ஓடுவது 2024 மார்ச்சில் பொருத்திய அசல் ஃபில்டர். சென்ற மாதம் 20 சதவீதக் கரியமில வாயுவை விட்டபோது அது காட்டிய கார்பன் மோனாக்சைடு 0.004 சதவீதம், பொருத்திய அன்று காட்டியது 0.003.