கோட்டையூரைக் கொட்டையூராக்கிய இ-ரீடர்: மூன்று வருட அனுபவம்

தேவகோட்டை நண்பர் நேற்று போனில் கேட்டார்: "இ-ரீடர் விலை குறைஞ்சிருக்கே, எங்க ஆத்தாவுக்கு வாங்கலாமா?" மின்புத்தகம் படிக்கும் அந்தக் கருவி எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறது. போன மாதம்தான் பேட்டரி மாற்றினேன். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. எங்கள் ஆத்தாவுக்கு 72 வயது. போனில் நாலு வரி படித்தாலே கண் கூசுகிறது என்பார். அவரே மதியத்தில் வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு, முற்றத்து வெளிச்சத்தில் இதை இரண்டு மணி நேரம் படிக்கிறார். இந்தத் திரை காகிதம் மாதிரி. மேலே விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். வெளிச்சம் கூடினால் கண்ணின் பாவை சுருங்கும். ஊசித் துளை வழியாகப் பார்த்தால் மங்கலும் தெளிவாகுமே, அதுபோல எழுத்து கூர்மையாகிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் பாவை விரிந்து எழுத்து கலங்கும். அதனால் அந்த வசதியை நான் தொடுவதே இல்லை.

இப்போது என் மனத்தாங்கல். ஆத்தா பிறந்த ஊர் கோட்டையூர். ஒருநாள் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கொட்டையூருன்னு போட்டிருக்கே, அது கும்பகோணத்துப் பக்கமுல்ல?" என்றார். வாங்கிப் பார்த்தேன். கோட்டையூர்தான். கொம்பின் தலையில் இருக்கும் சுழி அடைந்துபோய் வெறும் தடிப்பாகத் தெரிந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுழிக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சாம்பல் புள்ளி. இந்தத் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். அப்படியென்றால் ஒரு புள்ளி சுமார் 0.15 மில்லிமீட்டர். நல்ல கண்ணே 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 0.12 மில்லிமீட்டர் வரைதான் பிரித்தறியும், அதுவும் பளிச்சென்ற கறுப்பு வெள்ளையில். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து ஒளி உள்ளே சிதறும். சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள மெல்லிய வேறுபாடு கைவிட்டுப் போகும். பக்கத்து எழுத்து நெருங்கி நின்றால் இன்னும் மோசம். ஆக, பொருளே மாறிப்போகும் இடத்தைத்தான் இவர்கள் இத்தனை சிறிதாக வரைந்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் கொ, கோ குழப்பம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து அதைத் தீர்த்தார் என்று படித்திருக்கிறோம். அந்தச் சுழியை அடைத்துவிட்டு நம்மைத் திரும்பவும் ஓலைக்கே அனுப்பினால் எப்படி? கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா, புத்தகச் சேகரிப்பால் பெயர் பெற்றவர், தொழிலில் விளம்பரப் பலகை எழுதியவர். பலகை எழுதும் எவரும் தெரு முனையிலிருந்து பார்த்தாலும் சுழி தெரிகிறதா என்று பார்த்துத்தான் எழுதுவார்கள்.

சரி, வழி இல்லாமல் இல்லை. கேபிளில் கணினியோடு இணைத்து, ஃபான்ட் ஃபோல்டரில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டைப் போட்டேன். அளவை இரண்டு படி ஏற்றி, வரி இடைவெளியையும் கூட்டினேன். மறுபடி பூதக்கண்ணாடி வைத்தபோது சுழிக்குள் வெள்ளை தெரிந்தது. அன்று ஆத்தா ஒரு அத்தியாயம் முழுக்கத் தடங்கலே இல்லாமல் வாய்விட்டுப் படித்தார், கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் புத்தகப் பட்டியலும் தலைப்புகளும் பழைய ஃபான்டிலேயே நிற்கின்றன. ஸ்கேன் செய்த புத்தகங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை எழுதினேன். அளவைப் பெரிதாக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு முறையும் ஒரே பதில்.

ஆத்தாவிடமிருந்து இதைப் பிடுங்கினால் வீட்டில் சண்டை வரும், அவ்வளவு பிரியம். இருந்தாலும் நண்பருக்கு, இந்த மாடலை வாங்காதீர்கள். 300 புள்ளித் திரை உள்ளதைக் கடையில் எடுத்து, ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, உங்கள் ஆத்தா கையிலேயே கொடுங்கள். தேவகோட்டை என்ற பெயரிலேயே இரண்டு சுழி இருக்கிறது. அவர் அதைச் சரியாகப் படித்தால் பணம் கட்டுங்கள்.