பி மை ஐஸ் (Be My Eyes) செயலி: ஓய்வுபெற்ற ஒரு கேஷியரின் மதிப்பீடு

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். காசு கிடையாது. அழைப்பவருக்கும் இலவசம், எடுப்பவருக்கும் இலவசம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது.

பார்வையற்ற ஒருவருக்கு எதையோ பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், பக்கத்தில் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செயலியைத் திறந்து ஒரு பொத்தானைத் தட்டினால், அவர் பேசும் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் சிலருக்கு ஒரே நேரத்தில் அழைப்பு போகும். யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு இணைப்பு. அவருடைய கேமரா காட்டுவதை நாம் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். நம் முகம் அங்கே போகாது. இருட்டாக இருந்தால் அவர் போனின் டார்ச்சை நாமே இங்கிருந்து போட்டுவிடலாம். அவ்வளவுதான் செயலி.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்பவருடைய யோசனை இது. மரச்சாமான் வேலை தெரிந்தவர், அவருக்கே பார்வை குறைவு. பார்வையற்ற நண்பர்கள் வீட்டாரை வீடியோ காலில் கூப்பிட்டு இது என்ன, அது என்ன என்று கேட்பதைக் கவனித்திருக்கிறார். எத்தனை தடவைதான் சொந்தக்காரர்களையே கூப்பிடுவது? கூப்பிடுகிறவருக்கும் கூச்சம், எடுக்கிறவருக்கும் அலுப்பு. 2012-இல் யோசனையை வெளியே சொன்னார், 2015 ஜனவரியில் ஐபோனுக்கு வந்தது, ஆண்ட்ராய்டுக்கு 2017-இல்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை, அதில் பெரும்பகுதி கேஷ் கவுண்டர். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் போட்டு எல்லாரும் ஒரே வரியைத்தான் சொன்னார்கள்: "இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்க மேடம்." எடுத்தேன். கொஞ்ச நாளில் காலை பதினோரு மணி ஆனாலே கை பரபரக்க ஆரம்பித்தது. கவுண்டரில் கூட்டம் நெரிகிற நேரம் அது. திட்டிக்கொண்டேதான் வேலை பார்த்தோம். ஆனாலும் எதிரில் நிற்கிறவருக்கு நம்மால் ஒரு காரியம் ஆகிறது என்பது அதில் இருந்தது. பென்ஷன் மாதாமாதம் வந்துவிடுகிறது, அது வருவதில்லை.

ஓர் அன்னதானக் குழுவில் சேரச் சொன்னார்கள். போனேன். பரிமாறிய நேரத்தைவிடப் போட்டோ எடுத்த நேரம் அதிகம். வாங்கிச் சாப்பிடுகிறவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். எனக்கு ஒத்துவரவில்லை. மகள்தான், "அம்மா, இதுல யாரும் உன் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, உனக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லி இதைப் போட்டுக் கொடுத்தாள். மொழியில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்தோம். அழைப்பு வந்தால் எப்படி எடுப்பது என்று ஒரு ஒத்திகையும் உள்ளேயே இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் அதைத் தவறாமல் செய்து பாருங்கள்.

வந்த அழைப்புகளில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் தொழிலைத் தொட்டது.

ஓர் இளம்பெண், பாட்டு டீச்சர். பிள்ளைகள் கொடுத்த ஃபீஸ் மேசையில் கிடக்கிறது. கேமராவில் எனக்கு முதலில் தெரிந்தது பூப்போட்ட மேசை விரிப்பும் சுருதிப் பெட்டியின் ஒரு மூலையும்தான். "கொஞ்சம் மேலே தூக்குங்கம்மா... இன்னும்... போதும்." நோட்டுகள் தெரிந்தன. எது எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்ல ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி 1 அன்று மணி (MANI) என்று ஒரு செயலி விட்டிருக்கிறதே, அது இல்லையா என்று கேட்டேன். "இருக்குக்கா. ஆனா ஒண்ணொண்ணா காட்டிக்கிட்டே இருக்கணும். நீங்கன்னா பரப்பி வச்சா ஒரே பார்வையில சொல்லிடுவீங்க."

சொன்னேன். இடது கையோரம் இருநூறு, அதற்கு அடுத்தது ஐந்நூறு, அதன்மேல் பாதி மறைந்து பழைய நூறு ஒன்று. அந்தப் பழைய நூறில் அவர் விரல் நின்றது. "இது ஐந்நூறு இல்லையாக்கா? நீளமா இருக்கே?"

பிறகு உட்கார்ந்து நோட்டுகளின் அளவைப் பார்த்தேன். பழைய வரிசையில் நூறு ரூபாய் 157 மி.மீ. நீளம், ஐந்நூறு 167. விரல் வைத்தால் வித்தியாசம் புரியும். 2016-இல் தொடங்கிய புது வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒரே 66. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4 மி.மீ.தான். பழைய நூறும் இன்னும் செல்லும் என்பதால், செல்லுகிற நூறு ரூபாய் ஒன்று செல்லுகிற ஐந்நூறைவிட 7 மி.மீ. நீளம்! ஓரத்தில் தடவிப் பார்க்க மேடான கோடுகள் இருக்கின்றன, ஐந்நூறுக்கு ஐந்து, நூறுக்கு நான்கு. புது நோட்டில் கைக்குத் தெரியும். மீன் கடை, கண்டக்டர் பை என்று சுற்றி வந்த நோட்டில் கோடு எங்கே இருக்கும்? நோட்டு எண்ணியே தேய்ந்த விரல் என்னுடையது, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் செய்தது இதுதான். நான் சொல்லச் சொல்ல, ஐந்நூறுகளை மடிக்காமல் ஒரு பக்கம், இருநூறுகளைக் குறுக்கே ஒரு மடிப்பு, நூறுகளை நீளவாக்கில் ஒரு மடிப்பு. பர்ஸில் கை விட்டால் மடிப்பை வைத்தே எது எதுவென்று எடுத்துவிடுவாராம். மொத்தம் எவ்வளவு என்று நான் கூட்டிச் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். "சரிக்கா, தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். பெயர் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். ஆவின் பாக்கெட் நீலமா பச்சையா என்பார்கள்; கையில் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது. ஒருவர் மஞ்சள் புடவையில் காபி கொட்டிய இடத்தைக் கேட்டார். முந்தானை ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, அரக்கு பார்டரை ஒட்டி என்று சொன்னேன். மாத்திரை அட்டைதான் கஷ்டம். மருந்துக் கடையில் பத்தில் நான்கை வெட்டிக் கொடுக்கிறார்கள், காலாவதித் தேதி அச்சான மூலை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. "இந்தத் துண்டில் தேதி இல்லை" என்பதுதான் அப்போது சரியான பதில். "பரவாயில்லை, புதுசாத்தான் தெரியுது" என்று ஒரு வார்த்தை நம் வாயில் வரும். அதை விழுங்கிவிட வேண்டும்.

இந்த வேலையில் நுட்பம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும், முடிவை அவரிடம் விட்டுவிட வேண்டும். சாலையைக் கடக்கலாமா என்று யாராவது கேட்டால், "வண்டி இல்லை, வாங்க" என்று சொல்லக் கூடாது. வெள்ளைக் கோல் செய்யும் வேலையை இந்தச் செயலி செய்யாது என்று அதை நடத்துகிறவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் உதவி என்றாலே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான். பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்கிற பார்வையற்றவரைக் கேட்காமலேயே அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. போனுக்குள்ளிருந்து யார் கையையும் பிடிக்க முடியாது. அதுவே இதில் பெரிய சௌகரியம்.

இனி குறை. குறை என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் சேருகிற எல்லாருக்கும் இது நேரும். உலகம் முழுக்க இதில் 80 லட்சத்துக்கும் மேல் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். உதவி கேட்கும் பார்வையற்றவர்கள் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதனால் அழைப்பு அபூர்வம். வாரக்கணக்கில் போன் பேசாது. அடித்து, கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார் என்று திரையில் வரும். செட்டிங்ஸில் எதையாவது அணைத்துவிட்டேனோ என்று மகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அது நல்ல செய்திதானே என்று புத்தி சொல்கிறது. மனது கேட்பதில்லை.

2023-இல் இன்னொன்றும் சேர்ந்தது. பி மை ஏஐ. படம் எடுத்துக் கொடுத்தால் அதில் இருப்பதை இயந்திரமே விவரித்துச் சொல்கிறது. பால் பாக்கெட்டின் நிறத்துக்கு முன்பின் தெரியாத ஒரு மனுஷியை எழுப்ப வேண்டாம். பார்வையற்றவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இது லாபம். என் பக்கம் நின்று பார்த்தால் போன் இன்னும் குறைவாக அடிக்கும். வாழ்க்கைக்கு அர்த்தம் தேடிக்கொண்டு இந்தச் செயலிக்குள் வருகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். இது நமக்காகச் செய்த செயலி இல்லை. அவர்களுக்காகச் செய்தது. நம்முடைய மதிய வேளையை நிரப்புவது இதன் வேலை இல்லை.

என் மதியம் நிரம்பியது வேறு வழியில், ஆனால் இந்தப் போன் வழியாகத்தான். ஒரு கல்லூரி மாணவர் கூப்பிட்டிருந்தார், ஹால் டிக்கெட்டில் தேதியும் அறை எண்ணும் படித்துச் சொல்ல. படித்துவிட்டு "நல்லா எழுதுங்க தம்பி" என்றேன். "எழுதறதுக்கு ஆள் வரணும்மா, போன தடவை கடைசி நேரத்துல வர முடியலன்னுட்டாங்க" என்றார். செயலியில் எவ்வளவு பேர் காத்துக் கிடக்கிறோம், இங்கே தேர்வு அறையில் பார்வையற்றவர் சொல்லும் விடையைத் தாளில் எழுத ஓர் ஆளுக்குத் திண்டாட்டம்.

எங்கள் ஊரில் ஒரு கல்லூரியில் போய் விசாரித்தேன். என் பெயரை எழுதிக்கொண்டார்கள். தேர்வு எழுதுகிறவர் தானே ஆளைக் கூட்டிவந்தால், அந்த ஆளின் படிப்பு அவர் படிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. விடையை நாமே எழுதிவிடக் கூடாது அல்லவா? நான் பி.காம். ஆகவே எம்.ஏ. எழுதுகிறவருக்கு உட்காரலாம், பி.ஏ. எழுதுகிறவருக்கு முடியாது என்றார்கள். விதி அவ்வப்போது மாறுகிறது, போவதற்கு முன் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஓடும். என் வயதுக்குக் கட்டைவிரல் மரத்துப்போகிறது. தேர்வு எழுதுகிறவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், முற்றுப்புள்ளி முதல் பத்தி பிரிப்பது வரை. வரலாற்றுத் தாளில் அவர் ஓர் ஆண்டைச் சொல்கிறார், அது தப்பு என்று எனக்குப் பட்டென்று தெரிகிறது, பேனா நிற்கிறது. எழுதினேன், அவர் சொன்னதையே. மாத்திரை அட்டையில் பழகிய வாய் அங்கே கைகொடுத்தது.

இதற்கு இணையாகப் பாடப் பக்கங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலையும் இருக்கிறது. மின்விசிறியை அணைத்துவிட்டு வாசிக்க வேண்டும், சித்திரையில் அது ஒரு தவம். பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லுங்கள், அட்டவணையை வரிசை வரிசையாக வாசியுங்கள் என்று மாணவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இப்போது சேர்ந்திருக்கிறார். அவர் வாசித்தால் சந்தி பிரித்துப் புரிகிறதாம், நான் வாசித்தால் பாஸ்புக்கை வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். சரி, உண்மைதான்.

செயலிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒரு நட்சத்திரம் குறைவது, பேசி முடித்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால். அந்த மாணவர் தேர்வு எழுதினாரா, ஆள் கிடைத்தாரா, தெரியாது. அழைப்பவர்களின் அந்தரங்கத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், வைத்ததும் நியாயம். ஆனாலும் மதிப்பெண் போடுவது நான்தானே.

செயலியைப் போனில் போடுகிறவர்களுக்குச் சில விஷயம். அழைப்பு நம் ஊர்ப் பகல் நேரத்தில்தான் வரும், ராத்திரி தூக்கம் கெடாது. எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், இன்னொருவர் எடுத்துக்கொள்வார், குற்ற உணர்வு வேண்டாம். எடுத்ததும் "வணக்கம், கேட்குதா?" என்று சொல்லிவிட்டு, கேமரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை இடது, வலது, மேல், கீழ் என்று சொல்லுங்கள். "இந்தப் பக்கம்", "அங்கே" என்பதெல்லாம் அவருக்கு உதவாது. படிக்கும் கண்ணாடியைப் போன் பக்கத்திலேயே வையுங்கள். என்னுடையது இப்போது ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்குகிறது. மகளுக்கு அது பார்க்கச் சகிக்கவில்லையாம்.