மறுமணப் பிரிவும் முதல் மனைவியின் சம்மதக் கடிதமும்: ஒரு திருமணத் தகவல் மையம்

மதிப்பெண்: சேவைக்கு ஐந்துக்கு நான்கு, பொறுப்புக்கு ஐந்துக்கு ஒன்று. மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரில் இந்தத் தொழில் செய்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நடத்துகிறார்கள்.

கணவரை இழந்த என் தங்கை மகளுக்காக 3,500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். அலுவலகம் சுத்தம், உட்கார இடம் உண்டு, காபியும் நன்றாகவே இருந்தது. கோப்புகளைக் கவனிக்கும் பெண் பொறுமைசாலி. நட்சத்திரம், குலம், வேலை எனப் பிரித்து ஜாதகங்களை எடுத்துத் தருகிறார். வாட்ஸ்அப்பிலும் சொன்ன நாளில் தகவல் வந்துவிடுகிறது. இதிலெல்லாம் குறை சொல்ல முடியாது.

குறை மறுமணக் கோப்பில்தான். துணையை இழந்தவர், விவாகரத்து பெற்றவர் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு வகை வைத்திருக்கிறார்கள்: ‘முதல் மனைவி சம்மதத்துடன்’. அதிலிருந்து ஒருவரின் விவரத்தை எடுத்து நீட்டினார் மேலாளர். வயது 44, அரிசி மண்டி, சொந்த வீடு, குழந்தை இல்லை. மனைவி பட்டதாரி, உடன் வசிக்கிறார். பின்னால் சம்மதக் கடிதத்தின் நகல்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. 20 ரூபாய் முத்திரைத் தாள். ‘எனது கணவர் மறுமணம் செய்துகொள்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று முழு சுயநினைவுடனும், எவருடைய தூண்டுதலுமின்றியும்’ என்று அச்சடித்தாற்போல் ஒரு வாசகம். தாள் விற்ற தேதி, கடிதம் எழுதிய தேதிக்கு நான்கு நாள் பின்னால். பட்டதாரி மனைவியின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை மட்டும். சாட்சிகள் இருவரும் மாப்பிள்ளையின் தம்பிகள். அடியில் நோட்டரி முத்திரை மட்டும் பளிச்சென்று.

“இது செல்லாது” என்றேன். மேலாளர் சிரித்தபடி சுவரில் இருந்த நாட்காட்டியைக் காட்டினார். “முருகனுக்கே இரண்டு பேர் சார். தசரதருக்கு எத்தனை? பாய்மார்கள் நான்கு கட்டலாமாம், நாம் கட்டினால் மட்டும் தப்பா?”

முருகனுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, அரிசி மண்டிக்காரருக்குப் பொருந்தும். மதராஸ் மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தை 1949லேயே சட்டம் தடுத்துவிட்டது. 1955இல் நாடு முழுமைக்கும் வந்தது. முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து இல்லாமல் இருக்கும்போது நடக்கும் திருமணம் தொடக்கத்திலேயே இல்லாநிலை, அதாவது சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அல்ல. அவர் சம்மதித்தாலும், கூடவே நின்று தாலி எடுத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். தண்டனை ஏழு ஆண்டு வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் 494, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 82ஆம் பிரிவு.

பிறகு ஏன் இத்தனை பேர் தைரியமாகச் செய்கிறார்கள்? பாதிக்கப்பட்ட மனைவியோ அவர் சார்பில் நெருங்கிய உறவினரோ புகார் கொடுத்தால்தான் வழக்கு நகரும். அந்த வாயை அடைக்கத்தான் கடிதம். இரண்டாவதாக வருபவளுக்கு அதில் ஒரு வரிகூட லாபமில்லை. மனைவி என்ற உரிமையில் சொத்தில் பங்கு கேட்க முடியாது. கணவர் அரசு ஊழியராக இருந்தால் குடும்ப ஓய்வூதியமும் பொதுவாகக் கிடைக்காது. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியிருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடிதத்தைப் படித்துவிட்டே கழுத்தை நீட்டியவள் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வாள்? பிள்ளைகள் மட்டும் தப்பித்தார்கள்: இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அவர்களைச் சட்டபூர்வமானவர்கள் என்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தைக்கு வரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பும் வந்துவிட்டது.

‘பாய்மார்கள்’ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. முஸ்லிம் தனிச்சட்டம் நான்கு வரை அனுமதிக்கிறது, உண்மை. குர்ஆனின் நிசா அத்தியாயம் 3ஆம் வசனம் அதைச் சொன்ன கையோடு, நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தியே போதும் என்கிறது. 129ஆம் வசனம், நீங்கள் ஆசைப்பட்டாலும் மனைவியரிடையே நீதி செலுத்த இயலாது என்கிறது. அந்த அனுமதியை நீக்க வேண்டும் என்று கேட்கும் முஸ்லிம் பெண்கள் அமைப்புகளும் இருக்கின்றன. மத உரிமை என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். உத்தராகண்ட் பொது சிவில் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து பலதார மணத்தை மத வேறுபாடின்றித் தடை செய்தது, பழங்குடியினரைத் தவிர. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலோ, கணவருக்கு வேறு மனைவி உண்டு என்று சொன்னவர்கள் முஸ்லிம் பெண்களில் 1.9 சதவீதம், சட்டம் தடுத்திருக்கும் இந்துப் பெண்களில் 1.3 சதவீதம். இடைவெளி அவ்வளவுதான். இந்த 1.3இல் எத்தனை பேர் கையில் 20 ரூபாய்த் தாள் இருக்கிறதோ!

நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு சான்று எந்த அலுவலகத்திலும் கிடையாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆனால் பதிவாகிவிட்டது என்பதற்காக இல்லாநிலைத் திருமணம் செல்லுபடியாகிவிடாது. ஆகவே இதுபோன்ற மையங்களுக்குப் போகிறவர்கள் துணையை இழந்தவரிடம் இறப்புச் சான்றையும், விவாகரத்தானவரிடம் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் கேட்டு வாங்குங்கள். திருமணத்தை முறித்துக்கொண்டதாகப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய ‘விடுதலைப் பத்திரம்’ என்று நீட்டினால் வழக்கறிஞரிடம் காட்டாமல் தலையாட்ட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை உண்டு. தொலைபேசி 15100.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்புறப் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: ‘விவரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’. மூன்றாவது வகையைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொன்னேன். “கேட்டு வருகிறார்களே சார்” என்றார் மேலாளர். பேச்சை முடிக்க ஆறு மாதம் சந்தாவை நீட்டித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கோப்பில் கிடைத்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் ஜாதகம் பேச்சில் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றே, நாங்கள் கேட்குமுன், மனைவியின் இறப்புச் சான்றை எடுத்து மேசைமேல் வைத்தவர் அவர்.